முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

கிரெனோபிள்
14 அக்டோபர் 2007

ஓடிலுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். முப்பது வருஷம் ஆகிறது. நீ டர்பைனைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறாய், அதற்குப் பதில் கீழே வருகிறது. அதற்கு முன் ஒரு விஷயம். 1977-ல் அப்பாவின் தடுப்பணையைப் பற்றி நீர்வளத் துறைக்குப் போன மொட்டைக் கடிதத்தை எழுதியது நான் இல்லை. நான்தான் என்று அப்பா நம்பினார். ஊரும் நம்பியது. மர ஆலை உன் பெயருக்குப் போனது, அப்பாவின் சவப்பெட்டி போனபோது நான் தேவாலயத்துக்கு வெளியே நின்றேன். நான் எழுதவில்லை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இப்போது நீயாக எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

நீயும் மாப்பிள்ளை கில்பேரும் நலமா? எனக்கு ரத்த அழுத்தம், அதற்கு ஒரு மாத்திரை. மற்றபடி குறையில்லை.

நீ அனுப்பிய அரசாங்க நோட்டீசைப் படித்தேன். ஆலையின் பழைய நீர் உரிமை எத்தனை குதிரைத்திறனுக்கு உரியது என்று மார்ச் 31-க்குள் ஒரு பொறியாளர் கையெழுத்திட்டுக் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உரிமை ரத்து, தடுப்பணை இடிக்கப்படும். தடுப்பணை போனால் மீன் தடையில்லாமல் மேலே ஏறும் என்று தூண்டில்காரர்கள் சங்கம் இதற்குத்தான் பத்து வருஷமாக அலைகிறது. இருபத்தாறு வருஷம் டர்பைன் கம்பெனியில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதில் அவர்கள் என்னை வீட்டுக்கு அனுப்பியதும், என் நாற்காலியில் என்னிடம் தொழில் கற்றவன் உட்கார்ந்திருப்பதும் உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் என் கையெழுத்து இன்னும் செல்லும்.

டர்பைன் மூடியில் பித்தளைத் தகடு இருக்கும். அதில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்பு. டர்பைன் ஓடும்போது, மேலே வாய்க்கால் தண்ணீரின் மட்டத்துக்கும் கீழே வெளியேறும் தண்ணீரின் மட்டத்துக்கும் உள்ள உயரத்தை அளக்க வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பாருங்கள். கண் மதிப்பு வேண்டாம்.

கில்பேர் ஒவ்வொரு டிசம்பரும் புகையூட்டிய சாசேஜ் அனுப்புகிறார். ஏன் எனக்கு அனுப்புகிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நன்றி சொல்.

ரெஜிஸ்


லே கோம்ப்
2 நவம்பர் 2007

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். மாத்திரையை விடாமல் போடு, அம்மாவும் அதே ரத்த அழுத்தத்தில்தான் போனாள். நேற்று அப்பா அம்மா கல்லறையில் சாமந்தித் தொட்டி வைத்துவிட்டு வந்தேன். உன் பேரிலும் ஒன்று.

நீ சொன்னபடி அளந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ரம்பத்துக்கு ஓய்வு, அன்று கில்பேர் அளப்பதற்காகவே டர்பைனை ஒரு மணி நேரம் ஓட்டினார். அவர் கீழே குழியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் மேலே. "ஆடாம பிடி, ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் உங்கண்ணன்கிட்டேருந்து நாலு பக்கம் வரும்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பாசிக்கல்லில் சறுக்கி இடுப்புவரை தண்ணீருக்குள் போய்விட்டார். முழங்கால் வீங்கியிருக்கிறது. ஆனால் குழாயை விடவில்லை. இரண்டு மீட்டர் அறுபத்திரண்டு. மூன்று தடவை அளந்தோம்.

தகட்டில் இருப்பது: தயாரித்தவர் பெயர் தேய்ந்துவிட்டது. வருஷம் 1911. எண் 418. உயரம் 3.00 மீட்டர். நொடிக்கு 960 லிட்டர். 30 குதிரைத்திறன்.

முப்பது என்று பித்தளையில் அடித்தே இருக்கிறதே அண்ணா, அதை அப்படியே எழுதிவிட்டால் போதாதா? உன் கையெழுத்துப் போட்ட தாளில் முப்பது என்று இருந்தால் அவர்கள் மேற்கொண்டு எதையும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மூன்று பேருக்கு இங்கே வேலை இருக்கிறது, ரம்பம் நின்றால் அவர்களும் நிற்க வேண்டும். தடுப்பணை போனால் வாய்க்கால் வறண்டுவிடும், அப்புறம் இது வெறும் கொட்டகைதான்.

குளிருக்கு ஜாக்கிரதை.

உன் அன்புத் தங்கை
ஓடில்


கிரெனோபிள்
9 நவம்பர் 2007

ஓடிலுக்கு,

கடிதம் வந்தது. கில்பேரின் முழங்காலுக்கு ஐஸ் வைக்கச் சொல். நான் நலம்.

அளவு நன்றாக இருக்கிறது. நீ கேட்டதற்குப் பதில்: போதாது. தகட்டில் இருப்பது டர்பைனை விற்றவனின் வாக்கு. மூன்று மீட்டர் உயரம் கொடுத்தால் முப்பது தருவேன் என்கிறான். உன்னிடம் இருப்பது 2.62. உயரம் குறைந்தால் தண்ணீரின் தள்ளும் பலமும் குறையும், உள்ளே போகும் தண்ணீரின் அளவும் குறையும். இரண்டு பக்கமும் அடி. எட்டில் ஒரு பங்கு உயரம் போனால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். உன் டர்பைன் இன்று தருவது இருபத்துநாலரை. பழைய ஆலைக்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறு இதுதான். தகட்டைத் துடைத்து, புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள்.

குறையும் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் எங்கே போனது என்று உனக்கும் தெரியும். தாத்தா 1911-ல் டர்பைன் வாங்கியபோது தடுப்பணையின் தலையில் நான்கு ஓக் பலகைகளை இரும்பு முளை அடித்து நிறுத்தினார். மதகுச் சுவரில் அரசாங்கம் 1857-ல் பதித்த இரும்புக் குறிக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. பலகையால் குறி முங்கிப்போனது. அறுபத்தாறு வருஷம் முங்கியே கிடந்தது, 1977 ஆகஸ்டில் அதிகாரி வந்து பலகையைப் பிடுங்கும் வரை. உரிமை என்பது குறிவரைக்கும்தான். முப்பது என்று நான் எழுதினால் அது பொய்க் கணக்கு. அவர்கள் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தால் எல்லாமே போய்விடும், இருபத்துநாலரையும் சேர்த்து.

அந்த அதிகாரி அன்று ஓர் அறிக்கை எழுதியிருப்பார். அது மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்க வேண்டும். உனக்கு முக்கால் மணி நேரப் பயணம். போய் நகல் எடுத்து அனுப்பு. கூடவே ஓர் எளிய சோதனை: வாய்க்காலின் நேரான பகுதியில் இருபது மீட்டர் குறித்துக்கொண்டு, ஒரு ஆப்பிளை மிதக்க விட்டு எத்தனை நொடியில் கடக்கிறது என்று பாருங்கள். அகலமும் ஆழமும் வேண்டும்.

என் முதல் கடிதத்தின் முதல் பத்தியைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கவனித்தேன்.

ரெஜிஸ்


லே கோம்ப்
20 டிசம்பர் 2007

அன்புள்ள அண்ணா,

ஆறு வாரம் பதில் போடாததற்கு மன்னித்துவிடு. நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே முழங்கால் வரை பனி. கில்பேருக்கும் முழங்கால்தான் பிரச்சினை, அதனால் இரண்டும் சேர்ந்து வீட்டில் உட்கார வைத்துவிட்டன.

ஆப்பிள் சோதனை பனிக்கு முன்பே முடிந்தது. பத்து ஆப்பிள் விட்டோம். ஒன்று வேரில் மாட்டிக்கொண்டது, ஒன்றை வாத்து துரத்தியது, அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. மற்றவை சராசரியாக 33 நொடி. அகலம் 2.20, ஆழம் 80 சென்டி. "இத்தனை வருஷம் படிச்சு வாத்துக்கு ஆப்பிள் போடச் சொல்றாரே" என்று கில்பேர் சிரித்தார்.

காப்பகத்துக்குப் போக முடியவில்லை. முதலில் கார், அப்புறம் பனி. பண்டிகைக்கு அவர்களும் மூடிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால், முப்பது வருஷத்துக்கு முந்தைய காகிதத்தை எதற்குக் கிளற வேண்டும் அண்ணா? அதில் இருப்பவர்கள் பாதிப்பேர் செத்துவிட்டார்கள். நீ முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போடு. உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

பார்சலில் சாசேஜ் இருக்கிறது. இந்தத் தடவை இரண்டு.

நல்ல கிறிஸ்துமஸ் அமையட்டும்.

ஓடில்


கிரெனோபிள்
28 டிசம்பர் 2007

ஓடிலுக்கு,

பார்சல் வந்தது. நலம். நீங்களும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும், அதைக் கழித்தால் ஆப்பிள் கணக்கு நொடிக்கு ஏறக்குறைய 900 லிட்டர் காட்டுகிறது. 2.62 உயரத்துக்கு நான் போட்ட கணக்கு 897. இனி இருபத்துநாலரையை என்னாலும் மாற்ற முடியாது.

காகிதத்தைக் கிளறாதே என்கிறாய். அந்தக் காகிதம் கிளறாமலே என்மேல் முப்பது வருஷம் கிடந்தது. உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஆகஸ்ட் மாதம். நான் விடுமுறைக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. அதிகாரி காலையில் வந்து பலகையைப் பிடுங்கிவிட்டுப் போனார். மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா சூப்பைத் தொடவில்லை.

"யாரோ கடிதம் போட்டிருக்கானாம். பேர் இல்ல. பலகை முப்பத்தெட்டு சென்டி, முளை எட்டு, எல்லாம் எண்ணி எழுதியிருக்கானாம்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இந்த வீட்ல எழுதப் படிச்சவன் எவன்?"

அம்மா, "சாப்பிடறப்ப வேண்டாங்க" என்றாள்.

"சாப்பிடட்டும். நல்லா சாப்பிடட்டும். நான் அறுத்த மரத்துலதான படிச்சான்."

இல்லை என்று சொல்ல வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்துநாலு வயது. பெட்டியை எடுத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தேன். அது முட்டாள்தனம் என்று அடுத்த ஊர் போவதற்குள் தெரிந்துவிட்டது, ஆனால் திரும்பவில்லை.

நீ அந்த மேசையில்தான் இருந்தாய். அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டதும் ரொட்டி எடுக்க எழுந்து போனாய். மேசையில் ரொட்டி இருந்தது.

ரெஜிஸ்


லே கோம்ப்
10 ஜனவரி 2008

மச்சானுக்கு கில்பேர் எழுதுவது,

சௌக்கியம்தானே? எனக்கு முழங்கால் பரவாயில்லை. நான் எழுதுறது ஓடிலுக்குத் தெரியாது. எனக்கு உங்க அளவுக்கு எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

உங்க கடைசிக் கடிதம் வந்ததிலேருந்து அவ சரியா சாப்பிடறதில்ல. கேட்டா பல்வலிங்கறா. அந்த நோட்டீஸ் பயம்தான்னு நினைக்கிறேன். அவளுக்காக அந்த முப்பதைப் போட்டுக் கொடுத்துடுங்க மச்சான்.

இன்னொண்ணு. இதை எப்பவோ சொல்லியிருக்கணும். எங்கப்பாவோட புல்வெளி உங்க தடுப்பணைக்கு மேல்பக்கம்தான. அந்தப் பலகை இருந்தவரைக்கும் பாதி நிலம் சதசதன்னு கிடக்கும். வெட்டின புல்லு காயறதுக்குள்ள அழுகிடும், மாடு குளம்பு நோவுல படுக்கும். எங்கப்பா உங்கப்பாகிட்ட ரெண்டு தடவை போய்க் கேட்டாரு. "உன் மாட்டுக்கு நீச்சல் கத்துக்குடு"ன்னுட்டாரு. நானும் ஓடிலும் அப்பதான் பழக ஆரம்பிச்சிருந்தோம், நான் அவகிட்ட இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவேன். அப்புறம் நீங்க அந்தக் கடிதத்தை எழுதினீங்க. அடுத்த கோடையில நிலம் காஞ்சிடுச்சு. சொந்த அப்பாவுக்கு எதிரா ஊர்க்காரனுக்காக எழுதறது சாதாரண விஷயமில்ல. உங்களுக்கு நேர்ல நன்றி சொல்லணும்னு எங்கப்பா சாகறவரைக்கும் சொன்னாரு. ஓடில்தான், "அதைப் பத்திப் பேசினா அவனுக்குப் பிடிக்காது, விட்டுடுங்க"ன்னு தடுத்துட்டா. அதனாலதான் நான் சாசேஜோட நிறுத்திக்கிட்டேன்.

இந்த ஊர்ல நியாயமா நடந்த ஒரே ஆள் நீங்கதான்.

கில்பேர் பொபில்லியே


கிரெனோபிள்
19 ஜனவரி 2008

ஓடிலுக்கு,

நலம். நீ சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

கில்பேரின் கடிதம் வந்தது. சாசேஜுக்குக் காரணம் தெரிந்துகொண்டேன். இன்னும் ஒன்றிரண்டு விஷயமும் தெரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன், ஆனால் அளக்காததை நான் எழுதுவதில்லை.

28-ஆம் தேதி திங்கட்கிழமை காப்பகத்துக்கு நானே போகிறேன். அதற்கு முன் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுது. ஒன்பது நாள் இருக்கிறது.

ரெஜிஸ்


லே கோம்ப்
26 ஜனவரி 2008

அண்ணா,

போகாதே. மலைப்பாதையில் பனி உறைந்திருக்கிறது, உன் வண்டி பழையது.

இருபத்துநாலரை என்றே போட்டுக்கொள். நான் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கோப்பு இல்லாமல் போடு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பலகையை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஓ.


கிரெனோபிள்
4 பிப்ரவரி 2008

ஓடிலுக்கு,

உன் கடிதம் நான் கிளம்பிப் போன திங்கட்கிழமை இங்கே வந்திருக்கிறது. திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன். பாதையில் பனி இல்லை, உப்புப் போட்டிருந்தார்கள். நான் நலம். நீ சாப்பிடத் தொடங்கியிருப்பாய் என்று நம்புகிறேன்.

காப்பகத்தில் பென்சில் மட்டும்தான் அனுமதி. என் பேனாவை வாங்கி ஒரு பெட்டியில் பூட்டிவைத்த பெண், என் வேலை என்ன என்று கேட்டாள். ஓய்வு பெற்றவர் என்று படிவத்தில் எழுதிக்கொண்டாள். நான் ஓய்வு பெறவில்லை, அனுப்பப்பட்டேன், ஆனால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. சாம்பல் நிறக் கோப்பு. நூல் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்தால் முப்பது வருஷமாக யாரும் அவிழ்க்கவில்லை.

அதிகாரியின் அறிக்கை இரண்டு பக்கம். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல வேலைக்காரர். 11 ஆகஸ்ட் 1977 என்று தேதி போட்டிருக்கிறார். பலகை முப்பத்தெட்டு சென்டிமீட்டர், தன் முன்னிலையில் அகற்றப்பட்டது. அகற்றிய பின் தண்ணீர் சரியாக இரும்புக் குறியில் நின்றது. அப்போதும் டர்பைன் ஓடியது, ரம்பம் அறுத்துக்கொண்டிருந்தது. உயரம் 2.62 மீட்டர். நீயும் கில்பேரும் முழங்காலைப் பலிகொடுத்து அளந்த அதே எண்.

இது என்ன என்று உனக்குப் புரிகிறதா? சட்டப்படியான மட்டத்தில் ஆலை வேலை செய்ததை அரசாங்கத்தின் ஆளே கண்ணால் பார்த்து, அளந்து, கையெழுத்திட்டிருக்கிறார். நம் ஆற்றில் வேறு எந்த ஆலைக்காரனிடமும் இப்படி ஒரு தாள் இருக்காது. தூண்டில்காரர்கள் இனி கத்திப் பார்க்கட்டும். நீ கேட்டபடி முப்பது என்று எழுதியிருந்தால், இதே தாள் உன்னை ஒரு நாள் கவிழ்த்திருக்கும். இப்போது இதுதான் உன் தடுப்பணையைத் தாங்குகிறது. அந்த மொட்டைக் கடிதம் போகாவிட்டால் அதிகாரி வந்திருக்க மாட்டார். அவர் வராவிட்டால் இந்தத் தாள் இல்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று, அதனால்தான் இந்தத் தாமதம்.

கடிதமும் கோப்பில்தான் இருந்தது. அறிக்கைக்கு அடியில், துருப்பிடித்த ஊசி குத்தி.

மர ஆலையின் அளவுக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள். நீளம், அகலம், கனம் என்று அச்சடித்த மூன்று கட்டம். எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. 38 என்ற எண்ணுக்குக் கீழே இரட்டைக் கோடு, அளந்து சரிபார்த்த மரத்துக்குப் போடுவது போல. அந்தக் குறிப்பேட்டைத் தொட எனக்கு என்றைக்குமே அனுமதி இருந்ததில்லை. "நீ உன் புஸ்தகத்தைப் பாரு, இது என் பொண்ணோட வேலை" என்பார் அப்பா. இரட்டைக் கோடு போட அவர் கற்றுக்கொடுத்தது உனக்குத்தான். அதிகாரி அந்தத் தாளை அப்பாவிடம் ஒரு நிமிஷம் காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. விதிப்படி காட்டக் கூடாது.

பக்கத்து மேசையில் ஒருவர் வம்சாவளி தேடிக்கொண்டிருந்தார். நான் ஏதோ சத்தம் போட்டேன் போலிருக்கிறது, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அறிக்கைக்கு நகல் எடுத்தேன். கடிதத்துக்கு எடுக்கவில்லை. அந்தப் பெண், "இதுக்கும் வேணுமா சார்?" என்றாள். "வேண்டாம்மா, இது வீட்டு விஷயம்" என்றேன். ஊசியை மறுபடி அதே ஓட்டையில் குத்தி வைத்தேன். நீர்வளத் துறைக்கு அறிக்கையின் நகல் போதும். அதைத் தேடி அவர்கள் கோப்பைத் திறக்க வேண்டிய தேவை இனி இல்லை.

கணக்கு இத்துடன் இருக்கிறது, ஆறு பக்கம். மூன்று வழியில் போட்டிருக்கிறேன்: தகட்டிலிருந்து இறக்கி, ஆப்பிளிலிருந்து ஏற்றி, அதிகாரியின் உயரத்தை வைத்து. மூன்றும் நூற்றுக்கு இரண்டு வித்தியாசத்துக்குள் நிற்கின்றன. டர்பைன் தண்டில் இருபத்துநாலரைக் குதிரைத்திறன். அவர்கள் கேட்கும் முறையில், டர்பைனில் வீணாவதையும் சேர்த்து, தண்ணீரின் மொத்த சக்தி 23 கிலோவாட். ஒவ்வொரு பக்கத்திலும் முழுப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்பு, ரசீதை வைத்துக்கொள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. பத்தொன்பது வயதில் எழுதியதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புல் அழுகியது, நீ எழுதினாய். அதில் இருந்த ஒவ்வோர் எண்ணும் சரி. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். என் புகார் ரொட்டியைப் பற்றியது. அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் அப்பா உயிரோடு இருந்தார். தினமும் மூன்று வேளை அந்த மேசையில் நீ அவருக்கு எதிரே உட்கார்ந்தாய்.

கில்பேரிடம் நீயே சொல். நான் சொல்ல மாட்டேன். நான் செய்யாத நன்மைக்கு முப்பது வருஷமாக சாசேஜ் தின்றிருக்கிறேன். அடுத்த டிசம்பரில் பார்சல் வந்தால் நீ சொல்லவில்லை என்று புரிந்துகொள்வேன். வந்தால் தின்பேன், அதில் மாற்றமில்லை.

கணக்கில் கையெழுத்துப் போட்ட பேனா இன்னும் கையில்தான் இருக்கிறது. இங்கேயும் போடலாம் என்றுதான் பக்கத்தின் அடியில் இடம் விட்டு எழுதினேன். ஆனால் அந்த இடத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லை. உன் அண்ணன் என்றா, பொறியாளர் என்றா? எழுத்தைப் பார்த்தால் யாரென்று உனக்குத் தெரியும், உன் எழுத்து எனக்குத் தெரிந்தது போல. மொட்டைக் கடிதம் எழுதுபவன் என்று அப்பா என்மேல் போட்ட பழியும் இதோடு உண்மையாகிவிடட்டும். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.